ஒற்றைத் தாளின் வயது

1898ஆம் ஆண்டில் ஓட்டோ ஹூப் என்ற ஜெர்மானிய ஓவியர் சிறிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். தம் கைக்கு வந்திருந்த ஒரு லத்தீன் வழிபாட்டு நூல், 1457இல் மைன்ஸ் நகரில் அச்சான புகழ்பெற்ற பைபிள் சங்கீதங்களின் (துதிப் பாடல்களின்) தொகுப்புக்கும் முந்தியது என்பது அவருடைய வாதம். இரண்டிலும் ஒரே அச்செழுத்து இருந்தது. ஆனால் ஹூப்பின் நூலில் எழுத்து வடிவங்களின் வகைகள் குறைவு. தொழில் முதிராத காலத்து வேலை என்று அதை அவர் கொண்டார். அவர் சொன்னது சரியென்றால் ஐரோப்பாவில் அச்சான முதல் புத்தகமாகக்கூட அது இருக்கலாம். ‘மிசாலே ஸ்பெசியாலே’ எனப்படும் அந்த நூலில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, அச்சிட்டவர் பெயரும் இல்லை. அறிஞர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எழுத்துகளை உற்றுப்பார்த்து வாதாடினார்கள். விடையோ எழுத்துக்கு அடியில், காகிதத்திலேயே இருந்தது.

அரிய நூல்களைச் சேகரிப்பவர்களிடம் வந்து சேரும் ஒற்றைத் தாள்களின் நிலையும் இதுதான். 15ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றுக்கு இன்றுள்ளது போன்ற தலைப்புப் பக்கம் கிடையாது. அச்சிட்டவர் தம் பெயரையும் ஆண்டையும் சொல்ல விரும்பினால் நூலின் கடைசியில் சொல்வார். நடுவிலிருந்து பிரிந்து வந்த ஒரு தாளிடம் அந்த விவரம் எப்படி இருக்கும்? ஆனாலும் அந்தத் தாளின் பிறப்பைப் பல வேளைகளில் ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் சொல்லிவிட முடிகிறது. இது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

முதலில் காகிதம் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, தொட்டித் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார்கள். மரச்சட்டத்தில் உலோகக் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டிய சல்லடையை அதில் அமிழ்த்தித் தூக்கினால் தண்ணீர் வடிந்து, கூழ் மெல்லிய படலமாகத் தங்கும். கம்பி இருக்கும் இடத்தில் படலம் சற்று மெலியும். அதனால்தான் அந்தக் காலத்துத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரிகின்றன. அகன்றவற்றைச் சங்கிலிக் கோடுகள் என்பார்கள். சல்லடையின் மேல் காளைத்தலை, திராட்சைக் குலை என்று ஏதாவது ஓர் உருவத்தையும் கம்பியால் வளைத்துத் தைத்திருப்பார்கள். ஆலையின் அடையாளமான அந்த உருவம்தான் தாளில் நீர்க்குறியாகப் பதிகிறது.

இந்தக் கோடுகளே தாள் எத்தனை முறை மடிக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். முழுத்தாளை ஒருமுறை மடித்தது ஃபோலியோ: சங்கிலிக் கோடுகள் நெடுக்காக ஓடும், நீர்க்குறி ஓர் ஏட்டின் நடுவில் இருக்கும். இருமுறை மடித்தது குவார்ட்டோ: கோடுகள் படுக்கையாகத் திரும்பிவிடும், நீர்க்குறி முதுகு மடிப்பில் சிக்கிக்கொள்ளும். மும்முறை மடித்து எட்டு ஏடுகளாக்கியது ஆக்டாவோ: கோடுகள் மறுபடி நிமிரும், நீர்க்குறியின் துண்டு மேல்மூலையில் மடிப்போரமாக ஒதுங்கும். நம் தமிழ்ப் பதிப்பாளர்கள் நூல் விவரப் பக்கத்தில் ‘டெம்மி 1x8’ என்று போடுகிறார்களே, அந்த எட்டு இந்த ஆக்டாவோவின் எட்டுதான்.

இனி நீர்க்குறியின் வயது. காகித ஆலையில் சல்லடைகள் இரண்டிரண்டாகவே வேலை செய்யும். ஒருவர் ஒரு சல்லடையைத் தொட்டியில் அமிழ்த்தும்போது, மற்றவர் முந்தைய சல்லடையிலிருந்து ஈரத்தாளைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு நீர்க்குறிக்கும் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. கையால் வளைத்த கம்பி என்பதால் இரண்டும் அச்சு அசலாக ஒத்திருக்காது. நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை நனைந்து, அழுந்தி, தேய்த்துக் கழுவப்படும்போது தையல் தளரும், கொம்பு வளையும், உருவம் சங்கிலிக் கோட்டை விட்டு மெல்ல நகரும். ஓரிரு ஆண்டுகளில் சல்லடையே வீணாகிவிடும். காகிதம் விலை உயர்ந்த சரக்கு என்பதால் அச்சகங்கள் அதை நெடுநாள் தேக்கி வைப்பதும் அரிது. தேய்ந்துகொண்டே போகும் அந்தக் கம்பி உருவம் ஒரு கடிகாரமாகிறது.

அமெரிக்கரான ஆலன் ஸ்டீவன்சன் இந்தக் கடிகாரத்தைத்தான் படித்தார். ‘மிசாலே ஸ்பெசியாலே’யின் நீர்க்குறிகளைப் போன்றவற்றை அல்ல, அதே சல்லடைகளில் பிறந்தவற்றையே ஆண்டு தெரிந்த வேறு நூல்களில் தேடிக் கண்டுபிடித்தார். எந்த நூலில் தையல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார். கிடைத்த ஆண்டு 1473. நூல் பிறந்த இடம் பாசல் நகரம். 1967இல் அவருடைய முழு ஆய்வும் நூலாக வந்தபோது ஹூப்பின் கனவு முடிவுக்கு வந்தது. எழுத்து பழையது, அதைத் தாங்கிய காகிதம் புதியது. எழுத்தை மட்டும் நம்பியவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் தவறியிருந்தார்கள்.

அச்சு மை அப்பிய பக்கத்தில் நீர்க்குறியைத் தெளிவாகப் பார்ப்பது எளிதல்ல. அதற்குப் பீட்டா கதிர்ப்படம் உதவுகிறது. கதிரியக்கக் கார்பன்-14 கலந்த மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுக்கும் புகைப்பட ஃபிலிமுக்கும் இடையே இருட்டில் தாளைச் சில மணி நேரம் வைப்பார்கள். தகட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் காகிதம் மெலிந்த இடத்தில் அதிகமாகவும், தடித்த இடத்தில் குறைவாகவும் கடந்து செல்லும். மையின் எடை காகிதத்தோடு ஒப்பிட்டால் அற்பம். அதனால் எழுத்துகள் ஏறக்குறைய மறைந்து, நீர்க்குறியும் கம்பிக் கோடுகளும் மட்டும் ஃபிலிமில் எழுந்து வரும்.

எழுத்தும் பயனற்றதல்ல, அதை அளக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டில் அச்சகங்கள் பல தமக்கான எழுத்துகளைத் தாமே வார்த்துக்கொண்டன. இருபது வரிகளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அச்சகங்களின் பட்டியல் சுருங்கிவிடும். குட்டன்பர்க்கின் 42 வரி பைபிளில் அது சுமார் 140 மி.மீ.; 36 வரி பைபிளில் சுமார் 164. பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ராபர்ட் புரோக்டர் அங்கிருந்த ஆதி அச்சு நூல்களையெல்லாம் நாடு, ஊர், அச்சகம் என்ற வரிசையில் எழுத்து வடிவத்தைக் கொண்டே அடுக்கிக் காட்டினார். பிறகு கொன்ராட் ஹெப்ளர் என்ற ஜெர்மானியர் ‘எம்’ என்ற பெரிய எழுத்தின் வடிவத்தை வகைப்படுத்தி, இருபது வரி அளவோடு சேர்த்து ஒரு திறவுகோலாக்கினார். அளவுகோலும் பொறுமையும் இருந்தால் போதும், நீங்களும் நானும் அதைப் பயன்படுத்தலாம்.

இங்கேதான் நூலடைவுகளின் அருமை புரியும். புத்தகப் பட்டியல் என்றாலே சலிப்பு தட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அவைதான் சேகரிப்பின் உயிர். சுவிஸ் ஆய்வாளர் பிரிக்கே 1907இல் வெளியிட்ட தொகுப்பில் 16,112 நீர்க்குறிகள் உள்ளன. ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் கெர்ஹார்ட் பிக்கார்ட் திரட்டிய அட்டைகள் ஏறத்தாழ 92,000. இன்று இணையத்திலேயே தேடலாம். 1925 முதல் வெளிவரத் தொடங்கிய ஜெர்மானியப் பெருந்தொகுப்பு, ஒவ்வொரு ஆதி அச்சு நூலுக்கும் எத்தனை தாள், பக்கத்துக்கு எத்தனை வரி, எந்தச் சொற்களோடு தொடங்குகிறது என்று பதிவு செய்கிறது. ஒரே நூலை இரண்டு அச்சகங்கள் வெளியிட்டால் வரிகள் முறியும் இடம் மாறும். ஆகவே உங்கள் தாளின் வரி முறிவுகளை ஒரு நூலகத்தின் மின்படியோடு ஒப்பிட்டால் பதிப்பு பிடிபட்டுவிடும்.

வாங்குபவர்களுக்கு ஒரு சிறு சோதனை. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளிச்சென்ற நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் 20ஆம் நூற்றாண்டின் வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது என்று பொருள். பழைய கந்தல் காகிதம் அப்படி ஒளிராது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால், உலோக எழுத்து அழுந்திய பள்ளங்களும் பல தாள்களில் தெரியும்.

ஆனால் ஒற்றைத் தாள் சந்தையில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1921இல் நியூயார்க் புத்தக வணிகர் கேப்ரியல் வெல்ஸ், தாள்கள் குறைந்த ஒரு குட்டன்பர்க் பைபிளைப் பிரித்துத் தாள் தாளாக விற்றார். கிளீவ்லாந்தின் ஓட்டோ எகே இடைக்காலக் கையெழுத்து நூல்களைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து விற்றார். எளியவர்களும் ஒரு தாளையாவது கையில் ஏந்தட்டும் என்றார்கள். ஏந்தினார்கள், உண்மைதான். நூல் போய்விட்டது.

இழப்பு அழகில் மட்டும் இல்லை. ஃபோலியோ நூலில் ஒரு முழுத்தாள் இரண்டு ஏடுகளாகிறது. நீர்க்குறி அவற்றில் ஒன்றில்தான் இருக்கும். மடிப்பில் வெட்டியதும் மற்ற ஏடு தன் கடிகாரத்தை இழந்துவிடுகிறது. அதை மீட்க ஒரு வழி திறந்திருக்கிறது. சங்கிலிக் கோடுகளுக்கு இடையிலான தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சல்லடைக்குச் சல்லடை அந்த ஏற்ற இறக்கம் மாறும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜான்சன், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் அச்சுப் படங்கள் எவையெவை ஒரே சல்லடைக் காகிதத்தில் பிறந்தவை என்பதை இந்த இடைவெளிகளைக் கணினியால் அளந்து கண்டறிய வழி செய்தார். நீர்க்குறி இல்லாத ஓர் ஏடு உங்களிடம் இருந்தால் ஓரங்களை வெட்டிச் சமன்செய்யாதீர்கள். சங்கிலிக் கோடுகளின் இடைவெளிகளை இடமிருந்து வலமாக மில்லிமீட்டரில் எழுதி, தாளோடு சேர்த்து வையுங்கள். அதே சல்லடையில் பிறந்த முழுத்தாள் ஒன்று, ஒரு பாதியில் காளைத்தலையோடும் மறுபாதியில் அதே எண்களோடும், எங்கோ ஒரு நூலகப் பெட்டியில் இருக்கக்கூடும்.