சார்கோபேகஸ்: ஊன் தின்னும் கல்லும் ஈமப்பேழையும்

இறந்தவரின் உடலை வைப்பதற்காகக் கல்லில் குடைந்த பெரிய பேழையே ‘சார்கோபேகஸ்’. சவப்பெட்டியும் இதுவும் ஒன்றல்ல. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். வெளியே இருப்பது குவார்ட்சைட் கல்லில் செதுக்கிய பேழை. அதனுள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சவப்பெட்டிகள். கடைசிப் பெட்டி சுமார் 110 கிலோ பொன்னால் ஆனது. சார்கோபேகஸ் என்பது வெளியே இருக்கும் அந்தக் கல் பேழை மட்டுமே.

சொல் கிரேக்க மொழியினுடையது. ‘சார்க்ஸ்’ என்றால் ஊன். ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல். ஊனைத் தின்பது என்று பொருள். முதலில் இது பேழைக்கு வைத்த பெயரே அன்று, ஒரு கல்லுக்கு வைத்த பெயர். இன்றைய துருக்கியின் வடமேற்குக் கரையில் ஆசோஸ் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கே வெட்டியெடுத்த கல்லில் உடலை வைத்தால் பற்களைத் தவிர மற்றதெல்லாம் 40 நாளில் கரைந்துவிடும் என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். உடன் புதைத்த கண்ணாடி, துணி, செருப்பு ஆகியவை கல்லாகிவிடும் என்றும் அவர் சொல்கிறார். ஆசோஸ் இடுகாட்டில் இன்றும் காணக்கிடைக்கும் பேழைகள் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையால் ஆனவை. அந்தப் பாறை எந்த ஊனையும் தின்னாது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சவப்பெட்டியைக் குறிக்கும் ஜெர்மன் ‘சார்க்’, பிரெஞ்சு ‘செர்க்கேய்’ இரண்டும் இதே சொல்லின் வழித்தோன்றல்கள்.

எகிப்தியப் பேழைகளையும் இப்பெயரால் அழைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உடல் அழியவே கூடாது என்று நேட்ரான் உப்பிட்டு உலர்த்தி, அடுக்கடுக்காகத் துணி சுற்றிப் பாதுகாத்தவர்கள் அவர்கள். உடலை வைத்த பெட்டிக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று ‘நெப் அங்க்’, அதாவது ‘வாழ்வை உடையவர்’. அதையே பிற்காலத்தவர் ‘ஊன் தின்னி’ ஆக்கிவிட்டார்கள்.

தமிழில் இதற்கு ‘ஈமப்பேழை’ என்பதே பொருத்தம். தொல்லியலாளர்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் இது. ‘ஈமம்’ என்பது சங்கப் பாடல்களில் பிணம் சுடும் விறகடுக்கைக் குறித்தது; ஆகவே புதைப்பதற்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். இன்று ‘ஈமச்சடங்கு’ என்றால் எரிப்பது, புதைப்பது இரண்டும் அடங்கும். சொல் தானே விரிந்துவிட்டதால் தடையில்லை. ‘பேழை’ என்பதோ மூடியுள்ள பெட்டி. ‘கல்லறை’ என்று எழுதுவது பிழை, அது பேழை இருக்கும் இடம். ‘தாழி’யும் ஆகாது, அது பானை வடிவம். பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கானியர் செய்ததுபோல மண்ணால் ஆனது என்றால் ‘சுடுமண் ஈமப்பேழை’ என்று செய்பொருளையும் சேர்த்துச் சொல்லலாம். பெயரில் கல் இல்லாதது இங்கே வசதி.

1986இல் செர்னோபில் அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு அதன் நான்காம் அணு உலையை மூடிய கான்கிரீட் கட்டுமானத்துக்கும் ‘சார்கோபேகஸ்’ என்றே பெயர். மீட்கப்படாத ஒரு தொழிலாளியின் உடல் அந்த இடிபாடுகளுக்குள்தான் இருக்கிறது. இருந்தாலும் அது கதிரியக்கத்தைத் தடுக்க எழுப்பியது என்பதால், செய்தியில் ‘கான்கிரீட் கவசம்’ என்று எழுதுவதே சரி.