விமானி அறையில் புகை வந்தால்

திருமங்கலத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "விமானி உட்காரும் அறைக்குள் புகை சூழ்ந்துகொண்டால், பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?"

அருமையான கேள்வி. மதுரைக்கு வந்துபோகும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் விமானிகளின் பக்கவாட்டு ஜன்னல்கள் திறக்கக்கூடியவைதான். ஆனால் 35,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. உள்ளே அதைவிட மூன்று மடங்கு இருக்கும். அந்த அழுத்தமே ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பயில்வான் இழுத்தாலும் வராது. கீழே இறங்கி, உள்ளழுத்தத்தை வெளியேற்றி, வேகத்தை மணிக்கு 370 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்த பிறகே திறக்கலாம். அது கடைசி வழி.

அதுவரை விமானி மூச்சுவிட வேண்டுமே? அதற்கான முகமூடிதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி.

அது இருக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் இருக்கிறது. ஒரே கையால், 5 வினாடிக்குள் மாட்டிவிட வேண்டும் என்பது விதி. கண்ணாடி போட்டிருப்பவர், ஹெட்போன் மாட்டியிருப்பவர் என எல்லோருக்கும் இதே கணக்கு. ஒரு கையால் தலைவாரை எப்படி இறுக்குவது? தலைவாரே ரப்பர் குழாயால் ஆனது. சிவப்புப் பிடிகளை அழுத்திக்கொண்டு முகமூடியை உருவினால் குழாய்க்குள் ஆக்சிஜன் பாய்கிறது. வார் உப்பி, விறைத்து, தலையைவிடப் பெரிய வளையமாக விரிகிறது. முகத்தில் வைத்துப் பிடியை விட்டால் வாயு வெளியேறி, வார் சுருங்கித் தலையைக் கவ்விக்கொள்கிறது. கொக்கியும் இல்லை, முடிச்சும் இல்லை. மூச்சுக்கான வாயுவே மாட்டிவிடும் வேலையையும் செய்துவிடுகிறது!

அப்புறம் அதிலிருக்கும் சின்னத் திருகு. சாதாரண நிலையில் முகமூடி, ஆக்சிஜனைச் சிக்கனப்படுத்த அறைக்காற்றையும் கலந்து கொடுக்கும். புகை நேரத்தில் அது ஆபத்து. '100%' நிலையில் அறைக்காற்று வரும் வழி அடைபடும். அதற்கும் மேல் 'அவசரம்' என்றொரு நிலை. அதில் முகமூடிக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். பஞ்சர் கடையில் காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை வழியாகக் குமிழி வெளியே வருமே தவிர, தண்ணீர் உள்ளே போகாது. அதேதான் இங்கேயும். கன்னத்தோரம் இடுக்கு இருந்தாலும் ஆக்சிஜன்தான் வெளியே கசியும், புகை உள்ளே நுழையாது. கண்களை மூடும் புகைக்கண்ணாடிக்குள் புகுந்த புகையையும் இதே ஓட்டம் தள்ளிவிடும்.

பயணிகளுக்கு மேலிருந்து தொங்கும் மஞ்சள் முகமூடியில் இந்த வசதி இல்லை. அது அறைக்காற்றைக் கலந்தே கொடுப்பதால் புகைக்கு உதவாது. உள்ளழுத்தம் குறையும்போதுதான் அதற்கு வேலை.

முகமூடி மாட்டியதும், உள்காற்றைச் சுழற்றும் விசிறிகளை நிறுத்துவார்கள். புதுக்காற்று உள்ளே வந்து பின்புற வால்வு வழியே வெளியேறும்போது புகையும் அதோடு போகும். கூடவே அருகிலுள்ள விமான நிலையத்துக்குத் திரும்புவார்கள். மதுரை-சென்னை வழியில் என்றால் அது திருச்சியாக இருக்கலாம்.

இவ்வளவும் போதாத நாளும் உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய, யுபிஎஸ் என்ற அமெரிக்கப் பார்சல் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. புகையில் கருவிகளே தெரியவில்லை. கேப்டனின் ஆக்சிஜனும் நின்றுபோனது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். இப்படிப்பட்ட நிலைக்கென்றே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கிறது. வடிகட்டிய காற்றால் உப்பி, ஒரு பக்கம் முன்கண்ணாடியிலும் கருவிகளிலும் படியும். மறுபக்கத்தில் விமானி முகத்தைப் பதித்துப் பார்க்கலாம். புகை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பைக்குள் நல்ல காற்றுதானே!

புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை நம் ஊரில் எல்லோரும் செய்கிறோம். மனநிம்மதிக்கு என்றால் சரி. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை நான் ஏற்கமாட்டேன். பாதுகாப்பு வருவது விசாரணையிலிருந்தும் சோதனையிலிருந்தும்தான். 1998 செப்டம்பர் 2 அன்று சுவிஸ்ஏர் 111 விமானத்தில் புகை வாசனை வந்த 21 நிமிடங்களில் அது கனடா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். கனடா நாலு வருடத்துக்கும் மேல் விசாரித்தது, 5.7 கோடி கனடிய டாலர் செலவழித்தது. கடலடியிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி முன்பகுதியைத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். கூரைக்குமேல் வெப்பம் தடுக்கப் போர்த்தியிருந்த உறையே தீயைப் பரப்பியிருந்தது. அன்றைய தீச்சோதனையில் தேறிய உறை அது. அதனால் உறையை மாற்றினார்கள், சோதனையையும் கடுமையாக்கினார்கள். பட்டாசு விபத்துச் செய்தி அடிக்கடி வரும் சிவகாசி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தீயையும் புகையையும் ஆராய இப்படிப் பொறுமையாகப் பணம் ஒதுக்கும் அரசு நமக்கும் வேண்டும். அதற்கான ஆய்வுக்கூடம் ஒன்று மதுரையில் அமைந்தால் இன்னும் நல்லது.