மூக்கின் கூரையும் பஞ்சுக் குச்சியின் பாதையும்

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மூளைச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவருக்குச் சுவாச வைரசுத் தொற்று உள்ளதா என்பதை முன்கூட்டியே அறிவது உயிர் காக்கும் செயலாகும். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னரோ பின்னரோ கொவிட் உறுதியான 1,128 பேரைப் பற்றி 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அவர்களில் 23.8 சதவீதமானோர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். ஆகவே பரிசோதனை வேண்டும். ஆனால் மாதிரியை எங்கிருந்து, எப்படி எடுப்பது என்பதில்தான் இந்நோயாளிகளுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

மூக்கறையின் கூரையாக அமைந்திருப்பது சல்லடைபோல் துளைகள் கொண்ட மெல்லிய எலும்புத் தட்டு. வாசனை நரம்பின் நுண்ணிழைகள் அதனூடாகவே மூளைக்குச் செல்கின்றன. அதற்கு மேலே மூளையுறையும், மூளையைச் சூழ்ந்த தெளிந்த பாய்பொருளும் உள்ளன. மாதிரி எடுக்க மூக்கினுள் முறையாகச் செலுத்தப்படும் பஞ்சுக் குச்சி இந்தக் கூரையை நெருங்குவதே இல்லை. அது மூக்கின் தரையை ஒட்டி, அண்ணத்திற்குச் சமாந்தரமாக, காதுத் துவாரம் இருக்கும் திசையில் தொண்டையின் மேற்பகுதியை அடைகிறது. மேல்நோக்கிச் சாய்த்துச் செலுத்துவதே ஆபத்து.

அமெரிக்காவில் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு, குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு முன் செய்த மூக்குப் பரிசோதனைக்குப் பின்னர் ஒரு நாசியிலிருந்து, மூளையைச் சூழ்ந்த அந்தப் பாய்பொருள் நீராக வடியத் தொடங்கியது. அவருடைய மண்டையோட்டின் அடித்தளத்தில் முன்பே ஒரு குறை இருந்ததையும், அதனூடாக மூளையுறை மூக்கினுள் பிதுங்கியிருந்ததையும் ஸ்கேன் காட்டியது. 2017இல் எடுத்த படத்திலேயே அது தெரிந்திருந்தும், சைனஸ் நோயென்று கருதப்பட்டிருந்தது. இத்தகைய பாதிப்பு மிக அரிது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் வந்த கட்டியை மூக்கின் வழியாக அகற்றியவர்களுக்கும், மண்டையோட்டு அடித்தளம் முறிந்தவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதலாகும். மூக்குவழிச் சத்திரசிகிச்சையில் திறந்த இடம் கொழுப்பாலோ உடலின் வேறு இழையத்தாலோ அடைக்கப்பட்டிருக்கும். புதிதாக ஆறிவரும் அந்த அடைப்பைக் குச்சி குலைத்துவிடலாம். இவர்களுக்குத் தொண்டை மாதிரியையோ உமிழ்நீரையோ பயன்படுத்தலாம். ஒரு தடவை எடுத்த மாதிரி தொற்றைத் தவறவிடக் கூடுமாதலால், அறிகுறி இருந்தால் மீண்டும் சோதிப்பதே நல்லது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடம் சுவாசக் குழாயினூடாகச் சளியை உறிஞ்சி எடுக்கலாம். கொவிட் பரவிய காலத்தில், மூளையில் இரத்தம் கசிந்து உயிர் ஊசலாடும் வேளையில் முடிவுக்காகக் காத்திருக்காமல், தொற்று உள்ளவராகவே கருதி, முழுப் பாதுகாப்பு உடையுடன் சத்திரசிகிச்சையைத் தொடங்கும்படி அறிவுறுத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொழும்புக்கு வருபவர்கள் முன்னைய நோயும் சிகிச்சையும் எழுதப்பட்ட பழைய டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுவந்து, மாதிரி எடுக்கும் தாதியிடம் முதலிலேயே காட்டுவது பெரிதும் உதவும். பரிசோதனைக்குப் பின்னர் ஒரு நாசியில் மட்டும் தெளிந்த நீர் வடிந்தால், குனியும்போது அது அதிகரித்தால், வாயில் உப்புச் சுவையோ உலோகச் சுவையோ தெரிந்தால், மூக்கைச் சிந்தாமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்த நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருப்பின், அது சாதாரணத் தடிமன் நீர் அல்ல, மூளையைச் சூழ்ந்த பாய்பொருள்தான் என்பது உறுதியாகும்.