யூனிட் வேறு, மில்லிகிராம் வேறு

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைட், டிர்செபடைட் ஊசிகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளத் தொடங்குபவர்கள் பயப்படுவது குத்தும் வலிக்குத்தான். மருந்து அடைத்து வரும் பேனாவில் பொருத்தும் ஊசியின் நீளம் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். பலருக்குக் குத்தியதே தெரிவதில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு: மருந்தைக் குப்பியில் வாங்கினால், அதிலிருந்து சிரிஞ்சுக்கு மருந்தை உறிஞ்சும் அந்த அரை நிமிடம்.

U-100 என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் என்றால் 1 மில்லி திரவம். சிரிஞ்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் திரவத்தில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதைக் குப்பியின் லேபிள்தான் சொல்லும். செமாகுளூட்டைட்டின் தொடக்க அளவு வாரத்துக்கு 0.25 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியில் அதற்கு 5 யூனிட் போதும். மில்லிக்கு 2.5 மில்லிகிராம் உள்ள குப்பி என்றால் 10 யூனிட். "போன மாதம் 10 யூனிட்தானே போட்டோம்" என்று புதுக் குப்பியிலும் அதையே இழுத்தால், அளவு இரட்டிப்பாகியிருக்கலாம்.

0.25 என்பதைப் பார்த்து 25 யூனிட் இழுப்பவர்களும் உண்டு. மருத்துவர்களுக்கும் இது சறுக்கும். 2024 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில், 5 யூனிட் எழுத வேண்டிய இடத்தில் 25 யூனிட் எழுதப்பட்ட சம்பவமும் இருந்தது. குப்பியிலிருந்து தாங்களே எடுத்தவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். செமாகுளூட்டைட் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதன் வேகத்தை முறிக்கும் மருந்தும் கிடையாது. வாந்தி நாள்கணக்கில் நீடித்து, நீர்ச்சத்து வற்றிப்போகும். அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

சிரிஞ்சையும் பார்த்து வாங்க வேண்டும். 1 மில்லி சிரிஞ்சுகள் பலவற்றில் கோடுகள் இரண்டிரண்டு யூனிட்டாகத்தான் இருக்கும்; 5 யூனிட் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சைக் கேளுங்கள். கறுப்பு ரப்பரின் ஊசிப்பக்க விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. மருந்துச் சீட்டில் மில்லிகிராம், மில்லி, யூனிட் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பொடியாக வந்து, நாமே நீர் கலக்கும் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதிய குப்பிகளில் ஆபத்து இன்னும் அதிகம். 5 மில்லிகிராம் பொடியில் 1 மில்லி நீர் விட்டால் 10 யூனிட்டில் 0.5 மில்லிகிராம், 2 மில்லி விட்டால் 0.25. கணக்கைச் சரியாகப் போட்டாலும், குப்பிக்குள் இருப்பது லேபிளில் உள்ள மருந்துதானா, கிருமியில்லாததா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. அதைத் தொடவே வேண்டாம்.

பேனாவில் கணக்கு வேலை குறைவு; தவறுகள் வேறு மாதிரி. ஊசியின் வெளிமூடியைக் கழற்றிவிட்டு உள்மூடியை மறந்தால் மருந்து உள்ளே போகாது. பேனாவில் அளவு காட்டும் எண் பூஜ்யத்துக்கு வந்ததும் உருவக் கூடாது. மெதுவாக ஆறு வரை எண்ணிவிட்டு எடுங்கள். தோலில் ஒரு சொட்டு நின்றால் பரவாயில்லை. ஊசி முனையிலிருந்து ஓடையாக ஒழுகினால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை ஈடுகட்ட இன்னொரு ஊசி போடாதீர்கள். பலமுறை பயன்படும் பேனாவில் ஊசியை மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று புகும், முனை அடைக்கும். சில பேனாக்களில் மருந்து வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முதல் முறை மட்டும். பெட்டியில் உள்ள தாள் சொல்வதே சரி.

போடும் இடம் வயிறு (தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு), தொடை, மேல்கை. வாரம் ஒரு புள்ளியாக மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி தட்டும். பயன்படுத்தத் தொடங்கும்வரை மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தவறிய ஊசியைச் செமாகுளூட்டைட் என்றால் 5 நாளுக்குள்ளும், டிர்செபடைட் என்றால் 4 நாளுக்குள்ளும் போடலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி விடாமல் இருந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு, பேனாவையோ குப்பியையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் கேட்பது எத்தனை மில்லிகிராம் என்றுதான்.