காலபோக மழையை மண்ணுக்குள் நிறுத்துவது எப்படி?

கார்த்திகை பிறந்துவிட்டால் வன்னியில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: இரணைமடுவில் எத்தனை அடி, வவுனிக்குளத்தில் எத்தனை அடி? குளத்துக்குக் கீழே வயல் உள்ளவர்களுக்கு அந்த அடிக்கணக்குப் போதும். வாய்க்கால் எட்டாத மேட்டுநிலத்தில் உழுந்தும் கச்சானும் போடுகிறவர்களுக்கும், மானாவாரி வயல்காரருக்கும் குளம் காலடியிலேயே இருக்கிறது. அந்தக் குளம் மண்தான். அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்பார் இல்லை.

ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கரில் 4,000 லீற்றருக்கு மேல். மணல் கலந்த செம்மண், ஒரு மீற்றர் ஆழத்துக்குள் பயிர் எடுக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 100 முதல் 120 மில்லிமீற்றரைப் பிடித்து வைத்திருக்கும். வேர் இரண்டடி இறங்கினாலே ஏக்கருக்குச் சுமார் இரண்டரை லட்சம் லீற்றர். 5,000 லீற்றர் கொள்ளும் 50 பவுசர்கள் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற. வன்னியில் ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. பெரும்பகுதி காலபோகத்தில், ஐப்பசியிலிருந்து தைக்குள், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அது வந்த வேகத்திலேயே ஓடிவிடுவதுதான் நம் கஷ்டம்.

மண் தண்ணீரை எப்படிப் பிடிக்கிறது? மண்துகள்களுக்கு இடையே பெரிய துளைகளும் நுண்ணிய துளைகளும் உண்டு. பெருமழை விட்ட இரண்டு மூன்று நாளில் பெரிய துளைகளின் நீர் கீழே இறங்கி, கிணற்று ஊற்றுக்குப் போய்விடும். நுண்துளைகளில் உள்ள நீர் துகள்களைச் சுற்றிப் படலமாக ஒட்டி நிற்கும். அதைத்தான் வேர் உறிஞ்சுகிறது. படலம் மெலிய மெலிய மண்ணின் பிடி இறுகும். ஒரு கட்டத்தில் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாமல் பயிர் வாடிவிடும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணில் இது நன்றாகத் தெரியும்: செம்மண்ணைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், ஆனால் அதில் ஒரு பங்கைப் பயிருக்குக் கொடுக்கவே கொடுக்காது.

முதல் சிக்கல் மேல்மண்ணில் தொடங்குகிறது. வன்னியின் செம்பழுப்பு மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் காலில் அப்பும். வெறும் நிலத்தில் பெருந்துளிகள் விழும்போது மண்கட்டிகள் சிதறி, நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடும். மேலே ஒரு மெல்லிய படை பிடித்தபின் பெய்கிற மழை உள்ளே போக வழியில்லாமல், செந்நிறமாக ஓடிக் குளத்துக்குப் போகும். தண்ணீரோடு நல்ல மேல்மண்ணும் போய், குளத்தையும் தூர்க்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நெடுநாள் உழுத வெறுநிலத்தில் காய்ந்த மண்கட்டி ஒன்றும், வேலிப் பூவரசின் கீழ் சருகு மூடிய இடத்தில் இன்னொன்றும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் கிளாசில் தண்ணீருக்குள் மெல்ல வையுங்கள். உழுத நிலத்துக் கட்டியிலிருந்து குமிழ்கள் கிளம்பும். சில நிமிடத்தில் கரைந்து அடியில் சேறாகப் படியும். வேகமாகப் புகுந்த தண்ணீர் உள்ளிருந்த காற்றை நெருக்க, அந்த அழுத்தத்தில் கட்டி வெடிக்கிறது. வேலியடிக் கட்டி பெரும்பாலும் உருக்குலையாமல் இருக்கும். உக்கிய சருகும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் அதைக் கட்டி வைத்திருக்கின்றன. கூட்டெருவும் கிளிசிரிடியா இலையும் சாணமும் போடுவது உரத்துக்கு மட்டுமல்ல, இந்தக் கட்டுமானத்துக்கும்தான்.

உள்ளே போன நீர் நிற்க வேண்டுமே. மழை விட்டு வெயில் எறித்தால் ஈரமான வெறுநிலத்திலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவில்கூட ஆவியாகும். மேல்மண் காய்ந்தபின் வேகம் குறையும், ஆனால் நுண்துளைகள் வழியே கீழ் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். களிமண் வயல் என்றால் வெடிப்பு விட்டு, அடியாழத்திலிருந்தே உலரும். அறுவடை முடிந்ததும் வெடிப்பு விழுமுன் மேலாகக் கிளறிவிட்டால் அந்த நுண்வழிகள் அறுந்து ஆவியாதல் தணியும்.

இன்னும் நல்லது மூடாக்கு. வைக்கோல் மூடிய மண்ணில் வெயிலும் காற்றும் நேரே படாது. துளி விழும் வேகமும் வைக்கோலிலேயே தீர்ந்துவிடும். அப்படியிருக்க, அறுவடை இயந்திரம் போட்டுவிட்டுப் போன வைக்கோலை வயலிலேயே கொளுத்துவதைப் பார்க்க வயிறு எரிகிறது. மூடாக்குப் போட்டாலும் வன்னியில் இரண்டு தொல்லை உண்டு: கட்டாக்காலி மாடுகளும் கறையானும். மாட்டுக்கு வேலிதான் வழி. கறையானை அவ்வளவு பகைக்கத் தேவையில்லை. அது குடையும் துளைகளால் மழைநீர் நன்றாக உள்ளிறங்கும்.

மேட்டுநிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரம்பு கட்டி, அதில் கிளிசிரிடியா நட்டால் ஓடும் நீர் நின்று இறங்கும். வருடாவருடம் ஒரே ஆழத்தில் ட்ரக்டர் உழுத நிலத்தில், கலப்பை போகாத ஆழத்தில் ஒரு கடினப்படை இறுகியிருக்கும். அதைத் துளைக்கத் துவரையின் ஆணிவேர் உதவும். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் புழுதி விதைப்பும் இதே கணக்கில் வந்த வழக்கந்தான்: நிலம் பண்படுத்தக் குளத்து நீரைச் செலவழிக்காமல், முதல் மழையிலேயே நெல் முளைத்துவிடுகிறது.

காலபோக நெல்லுக்குப் பின் இடைப்போகமாகப் பயறு போட நினைப்பவர்கள் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, வயலில் நாலைந்து இடத்தில் ஒரே அழுத்தில் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ள ஆழம் வரை கம்பி இலகுவாக இறங்கும், உலர்ந்த மண்ணில் நின்றுவிடும். இரண்டடி இறங்கினால், தை மாசியில் விழும் சிறுமழையையும் சேர்த்து, 60, 65 நாளில் விளையும் பயற்றை நம்பி விதைக்கலாம். அரையடியிலேயே நின்றால் விதையை வீணாக்காதீர்கள். அந்த முறை வைக்கோலைப் பரப்பிவிட்டு, கம்பியை நிறுத்தியது வறட்சியா கடினப்படையா என்று ஒரு குழி வெட்டிப் பார்த்துவிடுங்கள்.