வளைவில் மட்டும் அணைந்துபோகும் என்ஜின்: பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

நேர்ச் சாலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற பழைய டீசல் பிக்கப், வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் அணைந்துவிடுகிறதா? தயவுசெய்து உடனே டீசல் பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை நடத்தும் எனக்கு இந்தப் புகார் பழகிய ஒன்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சமவெளியில் எப்போதாவது தலைகாட்டும் குறை அங்கே வளைவுக்கு வளைவு வந்து நிற்கும். என்னிடம் வருவதற்குள் பலர் பம்ப்பைக் கழற்றி, அதன் டீசல் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பி, டீசலைத் தெளிக்கும் நாசிலையும் மாற்றி, வாடகை ஓட்டத்தையும் இழந்திருப்பார்கள். குறை மட்டும் அப்படியே இருக்கும்.

பம்ப் தேய்ந்திருந்தால் அது நேர் ஏற்றத்திலும் லோடு இழுக்கும்போதும் காட்டிக்கொடுத்துவிடும். வளைவில் மட்டும் வருகிற குறைக்கு, வளைவில் மட்டும் மாறுகிற ஏதோ ஒன்றுதான் காரணம். திரும்பும்போது டேங்க்கில் இருக்கும் டீசல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ரப்பர் மவுண்டிங்கின் மேல் என்ஜின் சாய்கிறது. ஒயர்களும் கேபிளும் அதோடு இழுபடுகின்றன. பவர் ஸ்டீயரிங் பம்ப் என்ஜின் மீது கூடுதல் பாரம் ஏற்றுகிறது. தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் டிரைவரிடம் பேசுவேன். இடது வளைவிலா, வலது வளைவிலா? டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அணைந்த பிறகு எப்படி ஸ்டார்ட் ஆனது? சாவியைத் திருப்பிய உடனே ஒன்றும் நடக்காததுபோல் பிடித்துக்கொண்டால், மின் இணைப்பைச் சந்தேகிக்கலாம். திணறித் திணறி அணைந்து, பிறகு கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுத்தால்தான் கிளம்பும் என்றால், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது. இந்த ஒரு பதில் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

காற்று என்றால் முதலில் டேங்க்கைப் பார்க்க வேண்டும். வலது பக்கம் திரும்பும்போது டீசல் இடது பக்கம் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் வலது ஓரமாக இருந்து, டேங்க்கில் டீசலும் குறைவாக இருந்தால், குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். அன்றன்றைக்குத் தேவையான டீசலை மட்டும் ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இது சாதாரணம். முக்கால் டேங்க் நிரப்பி அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் கால் டேங்க்குக்கு மேல் இருக்கும்போதே அணைகிறது என்றால் அந்தக் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரு வண்டியில் குழாயின் நடுவே துரு அரித்து, குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை தொல்லை இல்லை. வளைவில் மட்டம் சரிந்து ஓட்டை வெளிப்பட்டதும் காற்று உள்ளே போனது. டேங்க் சரியாக இருந்தால், டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு முன்னால், டீசலைத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ் ஒரு துண்டு போட்டு குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வெடித்த ஹோஸும் பழைய காப்பர் வாஷரும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

மின் இணைப்புப் பக்கம் இன்னும் பொறுமை வேண்டும். பல வண்டிகளில் டீசல் பம்ப்பின் மேல் சாலினாய்டு என்கிற மின் வால்வு ஒன்று இருக்கும். அதற்கு மின்சாரம் போகும்வரைதான் டீசல் போகும். நின்றால் என்ஜின் அணையும். அந்த முனையிலிருந்து தனி ஒயர் இழுத்து, டேஷ்போர்டில் ஒரு 12 வோல்ட் பல்பைக் கட்டிவிடுவேன். வண்டி டிரைவர் கையில், பல்பு என் கண்ணில். என்ஜின் நிற்கும் அதே நொடியில் பல்பும் அணைந்தால், சாலினாய்டுக்கு மின்சாரம் வரும் வழியில்தான் குறை.

அப்படித் தேடிய ஒரு வண்டியில், ஒயரைப் பார்த்தால் எந்தக் காயமும் இல்லை. விரல்களால் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே போனேன். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். என்ஜினை ஒட்டிய ஒரு இடத்தில் மட்டும் ரப்பர்போல நீண்டது. மேலுறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, பச்சை பூத்துப்போய், நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்து என்ஜின் மவுண்டிங்கில் ரப்பர் பிரிந்திருந்ததால், முதல் கியரில் வளைந்து ஏறும்போதெல்லாம் என்ஜின் சாய்ந்து அந்த ஒயரை இழுத்திருக்கிறது. மவுண்டிங்கை மாற்றாமல் ஒயரை மட்டும் ஒட்டியிருந்தால் சில மாதங்களில் மறுபடி அறுந்திருக்கும். இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ள பழைய வண்டிகளிலும் இதே கதைதான்: என்ஜின் சாய்ந்தால் கேபிள் தானாக இழுபட்டு என்ஜினை நிறுத்திவிடும். பேட்டரி முனையின் தளர்ச்சி, என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை, சாவிக்கொத்தின் பாரத்தில் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

மெதுவாகத் திருப்பும்போது மட்டும், அதிலும் ஸ்டீயரிங் கடைசிவரை போகும்போது மட்டும் அணைகிறதா? நின்ற இடத்திலேயே சோதித்துவிடலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டு இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். என்ஜின் அமுங்கி நின்றுவிடப் பார்த்தால் ஐட்லிங்கும் ஸ்டீயரிங் பம்ப்பும்தான் சந்தேகத்துக்குரியவை. முழு ஒடிப்பில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம், பம்ப் சூடேறும்.

இந்தக் குறையோடு, "மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடுகிறதே" என்று மலையேறுபவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் வரும். அதன்பிறகு முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். இறக்கத்தில் நடந்தால் கிளட்சை மிதிக்க வேண்டாம்; கியரில் இருந்தால் சக்கரமே என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும், வேகமும் கட்டுப்படும். ஓடும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் இதே ஆபத்துதான், தெரிந்தே வரவழைத்துக்கொள்வது. வண்டி நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றமானால் முதல் கியரிலும் இறக்கமானால் ரிவர்ஸ் கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் பானெட்டைத் திறக்க வேண்டும்.