மெமோ வந்த பிறகு வராதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். போன புதன்கிழமை, ஈரோட்டில் என் மனநல கிளினிக்கில் கடைசி டோக்கன். டோக்கன் மனைவியின் பெயரில் இருந்தது. நோயாளிக்கான நாற்காலியில் வந்து உட்கார்ந்தது கணவர். முடிவெட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. காவல் துறையினர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள்.

"ஏனுங்க டாக்டர், மன அழுத்தத்தில் இருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் மட்டும் எழுதிக் கொடுங்கள். அது போதும்" என்றார் மனைவி. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமைக் காவலர், 20 ஆண்டு சர்வீஸ். செல்போன் தொலைந்ததற்குப் புகார் கொடுக்க வந்த தறிப்பட்டறைப் பையன் ஒருவன், கொடுத்த மனுவுக்கு ரசீது கேட்டிருக்கிறான். இவர் அறைந்துவிட்டார். பையனுக்கு இடது செவிப்பறை கிழிந்துவிட்டது. துறை விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது, கூடவே ஆயுதப்படைக்கு மாற்றமும்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வந்த மூன்று பேரின் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை.

கேட்ட சான்றிதழை நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்பதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடித்தவரும் அவர் குடும்பமும் மட்டுமல்ல, செய்தி படிக்கிறவர்களும் "பாவம், பிரஷர் தாங்காமல் கை நீட்டிவிட்டார்" என்றே சொல்கிறார்கள். குக்கர் வெடித்ததைப் போலச் சொல்கிறார்கள். குக்கர் வெடிக்கும்போது எதிரில் நிற்பது யார் என்று பார்ப்பதில்லை. இவர் பார்த்தார்.

அன்றைய நாளை மணிக்கணக்காகச் சொல்லச் சொன்னேன். இரவு முழுவதும் பாரா, அதாவது நிலையக் காவல். காலை 8 மணிக்கு வயர்லெஸ் மைக்கில் ஓர் அதிகாரி திட்டியிருக்கிறார். சப்டிவிஷன் முழுவதும் கேட்டிருக்கிறது. "எஸ் சார்" என்று மட்டும் பதில் சொன்னாராம். 10 மணிக்குக் கோர்ட். பகல் 1 மணிக்கு ஓர் அரசியல் கட்சிப் பிரமுகர் நிலையத்துக்கு வந்து, மேசையைத் தட்டி, ஒருமையில் பேசியிருக்கிறார். அவருக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். 3 மணிக்கு ஒரு வழக்கறிஞர் சத்தம் போட்டிருக்கிறார். அவரிடமும் பணிவாகத்தான் பேசியிருக்கிறார். 4 மணிக்கு அந்தப் பையன் வந்து, "ரசீது தருவீர்களா அண்ணா" என்று கேட்டிருக்கிறான்.

காலையிலிருந்து அத்தனை பேரிடமும் அடங்கி இருந்த கை அது. அடங்கத் தெரியாத கை என்றால் மேசையைத் தட்டியவர் மேல் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? கையை ஓங்கினால் திரும்பக் கேட்க யாரும் இல்லாத ஆள் வரும்வரை அது 8 மணி நேரம் காத்திருந்தது. இதற்கு நோய் என்று பெயர் வைக்க என் பாடப்புத்தகத்தில் இடம் இல்லை.

நம்பாதவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். அதே மாதிரி நிலையங்களிலிருந்து பெண் காவலர்களும் என்னிடம் வருகிறார்கள். அதே இரவுப்பணி, அதே மைக், அதே திட்டு. கழிப்பறை இல்லாத இடத்தில் 12 மணி நேரப் பந்தோபஸ்து என்பதால் தண்ணீரே குடிக்காமல் நின்று, சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். ஒற்றைத் தலைவலி, தப்பிப்போகும் மாதவிலக்கு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகை என்று வருகிறார்கள். புகார் கொடுக்க வந்தவரின் செவிப்பறையைக் கிழித்துவிட்டு அவர்களில் ஒருவர்கூட இதுவரை என்னிடம் வந்ததில்லை. தூக்கம் கெட்டால் பொறுமை குறையும், நிதானம் குறையும், எழுதியதையே மறுபடி எழுத நேரும். அடிப்பதற்கான அனுமதியைத் தூக்கமின்மை தருவதில்லை. அது வேறு இடத்திலிருந்து வருகிறது. "ரெண்டு தட்டு தட்டினால் உண்மை வந்துவிடும்" என்று பணிக்கு வந்த புதிதில் சொல்லிக்கொடுத்த மூத்தவர்களிடமிருந்து வருகிறது. கேள்வி கேட்காத மேலதிகாரியிடமிருந்து வருகிறது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு நிற்கும் கைதியின் படத்தைப் பார்த்து, "கழிவறையில் வழுக்கி விழுந்தாராம்" என்று சிரித்துக்கொண்டே பகிரும் நம்மிடமிருந்தும் வருகிறது.

நம் பக்கத்தில் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே தனியாக இருந்த முதிய தம்பதி என்று வெட்டுப்பட்டுக் கிடந்தார்கள். சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் வயதானவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு விழித்துக் கிடந்த மாதங்கள் அவை. "பிடித்து வைத்து நொறுக்கினால் தெரிந்துவிடும்" என்று என் கிளினிக் வாசலிலேயே பேசினார்கள். தனிப்படையில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அலைந்ததையும் நான் அறிவேன். ஆனால் நொறுக்கினால் என்ன கிடைக்கும்? காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது என்பது ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. வாக்குமூலத்துக்காக அடித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. 2020 ஜூனில் சாத்தான்குளம், 2025 ஜூனில் திருப்புவனம். இரண்டு இடத்திலும் போலீஸ் காவலில் உயிர்கள் போயின, சீருடை அணிந்தவர்கள் கைதானார்கள். அவர்கள் வீட்டிலும் "மேலிடத்துப் பிரஷர்" என்றுதான் பேசியிருப்பார்கள்.

போலீசை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இளம் மருத்துவனாக ஓர் அரசு மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்தபோது, ரிமாண்டுக்கு முன் பரிசோதனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே "நலமாக உள்ளார்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறை அல்ல. இதைப் படிக்கும் பயிற்சி மருத்துவர்களே, சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளங்காலைப் பாருங்கள். காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தூக்கக் கலக்கம் உங்களுக்கும் சாக்கு ஆகாது.

இவ்வளவு சொன்னதால் காவலர்களின் மன அழுத்தத்தை நான் பொய் என்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால், தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். ஈரோடு கிழக்கில் 2 ஆண்டுக்குள் 2 இடைத்தேர்தல். 2025-இல் பிப்ரவரி 5 வாக்குப்பதிவு, 8 வாக்கு எண்ணிக்கை, 11 தைப்பூசம். பெட்டிக்குக் காவல் இருந்தவர்களை அப்படியே பழனிப் பாதயாத்திரைச் சாலையில் நிறுத்தினால் அவர்கள் எப்போது தூங்குவார்கள்? பங்குனியில் பண்ணாரி குண்டம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி. நமக்குத் திருவிழா, அவர்களுக்கு மாலை 4 மணிக்குக் கிடைக்கும் ஆறிப்போன பொட்டலம். வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் தலைமைக் காவலர் வரையிலானவர்களுக்கு அரசாணையே போட்டார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் "கடைசியாக எப்போது ஓய்வு எடுத்தீர்கள்" என்றால் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் குடிமங்கலம் அருகே அப்பன் மகன் சண்டையை விலக்கப் போன சிறப்பு எஸ்ஐ வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களுக்கு, இரவு ரோந்துக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்கள் பலர்.

அடிபட்ட உடல்களோடு போகிற வேலையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பெருந்துறைப் பக்கம் நெடுஞ்சாலை விபத்து என்றால், சிதறியதைப் பொறுக்கி எடுத்து, பிணவறை வரை உடன் போய், பிரேதப் பரிசோதனை முடியும் வரை வாசலில் நிற்பது ஒரு 24 வயதுக் காவலர். அப்படி நின்ற ஒருவர் 2 மாதம் கறி தொடவில்லை. சாம்பிராணி வாசனையில்கூட அந்த வாடை வருகிறது என்றார். அவருடைய அப்பச்சி காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டி வந்தார். கயிற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கயிறு கட்டிய கையோடு இங்கேயும் வாருங்கள். இதற்கு மருத்துவம் இருக்கிறது, பலருக்குச் சில மாதங்களில் குணம் தெரிகிறது.

பதவி உயர்ந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 2023 ஜூலை 7-ஐ நினைவூட்டுகிறேன். அன்று கோவை சரக டிஐஜியே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சிகிச்சையில் இருந்தவர். சிகிச்சை எடுத்தும் இப்படியா என்று அப்போது பலர் கேட்டார்கள். மாரடைப்பில் இறந்தவரைப் பார்த்து "மாத்திரை சாப்பிட்டும் இப்படியா, அப்படியானால் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்வோமா?

இனி மருந்து. தமிழ்நாட்டுக் காவலர்களில் என்னிடம் வரும் ஆண்களுக்குத் தெரிந்த ஒரே தூக்க மருந்து குவார்ட்டர். அது தூக்கம் இல்லை, மயக்கம். விடியற்காலை 3 மணிக்கு வியர்த்து எழுப்பிவிடும். காலை ரோல்காலில் கை நடுங்கும். பகலெல்லாம் எரிந்து விழ வைக்கும். அந்த எரிச்சலைத் தணிக்க மறுபடி குவார்ட்டர். "வேலையால் வந்த கோபம்" என்று நீங்கள் சொல்வதில் பாதி, சரக்கு இறங்கும் நேரத்துக் கோபம். தினமும் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தவும் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டு அன்றே நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலை போடுங்கள். (லாக்கப்பில் இருக்கும் குடிகாரர் இரண்டாம், மூன்றாம் நாள் உளறினால், பூச்சி ஊர்கிறது என்று உதறினால் நடிப்பு அல்ல. அடிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. தாமதித்தால் செத்துப்போவார், பழி உங்கள் தலையில் விழும்.) மருந்துக்கடைக்காரர் பழக்கத்துக்காகச் சீட்டு இல்லாமல் தரும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இரவுப்பணி முடிந்ததும் 40 கிலோமீட்டர் பைக்கில் ஊருக்குப் போகாதீர்கள். நிலையத்திலேயே 1 மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னிடம் வந்தால் வேலை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரே பதில்: நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று அந்தச் சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகளில் மட்டும் நான் வாய் திறப்பேன். துறையே நிம்ஹான்ஸுடன் சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியிருக்கிறது. அதில் போய்க் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள். அதுவும் வேண்டாம் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, பெயர் கேட்டுத் துரத்த மாட்டார்கள், தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

வீட்டில் இருக்கும் அம்மிணிகளே, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். மெமோவுக்கு ஒரு வருடம் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வாசலில் பைக் சத்தம் கேட்டதும் குழந்தைகள் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போகிறார்களா? தூக்கத்தில் தொட்டால் கையை ஓங்கிக்கொண்டு எழுகிறாரா? "நான் இல்லாவிட்டால் உனக்கு வாரிசு வேலை கிடைக்கும்" என்பதுபோல் விளையாட்டாகவாவது சொல்கிறாரா? கடைசியாகச் சொன்னது விளையாட்டே அல்ல. அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே அழைத்து வாருங்கள், நிலைய அதிகாரியிடம் சொல்லித் துப்பாக்கிப் பணியிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். உங்களை அடித்தால் அதையும் வந்து சொல்லுங்கள். போலீஸ்காரர் வீட்டில் போலீசுக்கு யார் போன் செய்வது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திட்ட வேண்டுமானால் அறைக்கு அழைத்துத் திட்டுங்கள், மைக்கில் வேண்டாம். பிணவறைக்குப் போனவருக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். அடித்தவரை ஆயுதப்படைக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடாதீர்கள். ஆயுதப்படையில் ஒழுங்காக வேலை பார்ப்பவர்கள் "எங்களைக் குப்பைத் தொட்டியாக்கிவிட்டார்கள்" என்று என்னிடம் புலம்புகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

ஏட்டையாவின் கதைக்கு வருகிறேன். சான்றிதழுக்குப் பதிலாக, நான் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு 3 அல்லது 4 மணி நேரத் தூக்கம், 6 ஆண்டாகத் தினசரிக் குடி, ரத்த அழுத்தம் 160/100, சிகிச்சை தொடங்கப்பட்டது. அடித்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு ஒரு வரிகூட இல்லை. மனைவிக்கு வருத்தம். கிளம்பும்போது கணவரிடம் கேட்டேன்.

"அந்தப் பையன் பெயர் என்ன?"

யோசித்தார். மனு எண் ஞாபகம் இருந்தது, பெயர் வரவில்லை.

"காது இப்போது கேட்கிறதாமா?"

தெரியாது என்றார். விசாரித்துக்கொண்டு வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். டோக்கன் மனைவியின் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை.